கல்லாவில் வரும் நோட்டைக் கவனிக்க: காவிரி டெல்டாவில் நோட்டு சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

786 என்று முடியும் பத்து ரூபாய் நோட்டு கிடைத்தால் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். நாகூரிலிருந்து தஞ்சாவூர் வரை இதில் மதபேதம் கிடையாது. நம்பிக்கைக்காக வைத்திருந்தால் அது அவரவர் விருப்பம். லட்சத்துக்குப் போகும் என்று வைத்திருந்தால் மட்டும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நம் நோட்டில் முதலில் ஓர் எண்ணும் இரண்டு ஆங்கில எழுத்தும் இருக்கும். அது முன்னெழுத்து. அதையடுத்து ஆறு இலக்க எண். ஆக, ஒரு முன்னெழுத்தின் கீழ் ஏறக்குறைய பத்து லட்சம் நோட்டு. அதில் 786 என்று முடிவது சரியாக ஆயிரம், அதாவது ஆயிரம் நோட்டுக்கு ஒன்று. நடுவிலோ முன்னாலோ எங்கேயாவது 786 இருந்தால் போதும் என்றால் 250 நோட்டுக்கு ஒன்று வந்துவிடும். ஒரு மளிகைக் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் கைநிறையச் சேரும். 786786 என்பது மட்டும் பத்து லட்சத்தில் ஒன்றே ஒன்று. அதற்குத்தான் சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பார்கள்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்களும் புரிந்துவிடும். ஆறு இலக்கமும் ஒரே எண்ணாக வருவது (111111 முதல் 999999 வரை) பத்து லட்சத்தில் ஒன்பதுதான். 123456, 654321 போலப் படி ஏறுவதும் இறங்குவதும், 0 தொடங்கி 9 வரை எண்ணிப் பார்த்தால், பத்து. 482284 போல முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் எண்ணை ரேடார் என்பார்கள். அது ஆயிரத்துக்கு ஒன்று. 482482 போல மூன்று இலக்கம் திரும்ப வருவதும் ஆயிரத்துக்கு ஒன்று. 771177 போல இரண்டே இலக்கங்களால் ஆன எண்கள் 2790. சுமார் 360 நோட்டுக்கு ஒன்று அகப்படும். 000001 முதல் 000100 வரையிலான சின்ன எண்களுக்கு எப்போதும் ஆள் உண்டு.

தொடங்கும்போது என்ன வாங்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, மில்லிமீட்டர் தெளிவாகத் தெரியும் இரும்பு ஸ்கேல் ஒன்று, கள்ளநோட்டுப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன யூ.வி. டார்ச் ஒன்று, ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். நோட்டு வைக்கும் உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று எழுதியதாக இருக்கட்டும். ஸ்டேஷனரி கடையில் மலிவாகக் கிடைக்கும், மோந்து பார்த்தால் புது ரெயின்கோட் வாசம் அடிக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை வேண்டாம். அதை மெத்தென்று ஆக்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் கசிந்து நோட்டில் ஏறும். நம் வெக்கைக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும். நோட்டு உறையோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மை பிளாஸ்டிக்கோடு போய்விடும்.

எங்கே தேடுவது

புது நோட்டுக்கு வங்கிதான் இடம். நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல். பத்து ரூபாய்க் கட்டு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாயும் இருபது ரூபாய்க் கட்டுக்கு இரண்டாயிரமும் போதும் என்பதால் இந்த இரண்டிலும் தொடங்குவது நல்லது. மாத முதல் வாரமும் திங்கட்கிழமையும் கேஷியரிடம் போய் நிற்காதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரங்களில் புதுக்கட்டு வரும், ஆனால் கேட்பவர்களும் அப்போதுதான் அதிகம். பார்த்து முடித்த நோட்டை டீக்கடையிலோ பூக்கடையிலோ சில்லறையாகக் கொடுத்துவிடலாம்; பத்து ரூபாய்க் காசை வாங்கத் தயங்குகிற கடைகள் இங்கே இன்னும் இருப்பதால் பத்து ரூபாய்த் தாளுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு.

கட்டு எண் வரிசைப்படி இருந்தால் நூறையும் புரட்ட வேண்டியதில்லை. மேல் நோட்டின் எண் 482201 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று இலக்கம் 482, அதைத் திருப்பினால் 284. அப்படியானால் 482284 இந்தக் கட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேலிருந்து எண்பத்துநான்காவது தாள். 482482 இந்தக் கட்டில் கிடையாது, இரண்டு கட்டு தள்ளிக் கேட்க வேண்டும். கவுன்ட்டரில் நின்றபடியே பத்து நொடியில் இதை முடித்துவிடலாம்.

புழங்கிய நோட்டுக்கு இடமே வேறு. தாராசுரம் காய்கறி மார்க்கெட், பஸ் நடத்துநரின் பை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து, இங்கெல்லாம் நோட்டு வேகமாகக் கை மாறும். மொய்க்கு நல்ல தாளாகத் தேடி வைப்பதால் பத்து வருடம் பழைய நோட்டுகூடப் புதுக்கருக்கோடு வெளியே வருவதுண்டு. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வெளிமாநிலத்திலிருந்தும் ஆட்கள் வருவதால், நம் ஊர் வங்கிகள் வழியாக வராத முன்னெழுத்துகளும் அங்கே உள்ள கடைகளின் கல்லாவில் விழும்.

மூன்றாவது இடம் வீடு. அச்சடிப்பதை 1994ல் நிறுத்திய ஒரு ரூபாய் நோட்டும், 1995ல் நிறுத்திய இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நோட்டுகளும் (ஐந்து பிறகு மறுபடி அச்சானது, ஒரு ரூபாய் 2015ல் திரும்பி வந்தது) அஞ்சறைப்பெட்டியிலும் பழைய ரசீதுக் கட்டிலும் மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையிலும்தான் கிடைக்கின்றன. பின்பக்கம் டிராக்டர் உழுகிற ஐந்து ரூபாய் நோட்டு டெல்டாக்காரர்களுக்குத் தனிப் பிரியம். விலை என்று பெரிதாக இல்லை. மஞ்சள் துணியிலிருந்து அவிழ்க்கும்போது முடிச்சைப் பிடித்து இழுக்காதீர்கள். துணியைக் கத்தரித்து எடுங்கள். மஞ்சள் கறை போகாது, போக்கவும் முயல வேண்டாம்.

ஒரு நோட்டைப் பார்க்கும் வரிசை

பழகும்வரை ஒரே வரிசையில் பார்ப்பது நல்லது: எண், நட்சத்திரம், உள்ளெழுத்து, கையெழுத்து, ஆண்டு, கடைசியாக ஓரங்கள்.

எண் இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். நூற்றுக்கு நூறு ஒன்றாகவே இருக்கும் என்ற நினைப்பில்தான் எண் மாறிய நோட்டைப் பலரும் செலவழித்துவிடுகிறார்கள்.

நட்சத்திரம் முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் இடையில் இருக்கும். அச்சகத்தில் ஒரு தாள் கெட்டுப்போனால் அதே எண்ணில் இன்னொன்று அடிக்காமல், நட்சத்திரம் போட்ட தாளைக் கட்டில் வைக்கும் முறை 2006ல் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் தொடங்கியது. பிறகு 100க்கும், 2016 கடைசியில் புதிய 500க்கும் வந்தது. நட்சத்திர நோட்டு உள்ள கட்டின் மேல் சுற்றிய பட்டையிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். பட்டையைக் கிழித்துப் போடும் முன் படியுங்கள். 2023ல் நட்சத்திரம் போட்ட 500 ரூபாய் கள்ளநோட்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி சுற்றியது. அது செல்லும் நோட்டுதான் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. அந்தப் பயத்தில் கடைக்காரர்கள் தள்ளிவிட்டவற்றை நல்ல நிலையில் வாங்கிச் சேர்த்தவர்களும் உண்டு.

உள்ளெழுத்து என்பது எண் அச்சான பட்டையில் எண்ணோடு சேர்ந்து தெரியும் ஒற்றை ஆங்கில எழுத்து. சில நோட்டில் அது இருக்கவே இருக்காது. அதுவும் ஒரு வகைதான். ஒரே கையெழுத்து, ஒரே ஆண்டு, ஆனால் உள்ளெழுத்து வேறு என்றால் சேகரிப்பாளருக்கு இரண்டு வேறு நோட்டு. மக்கள் கண்ணில் படாத விஷயம் இது என்பதால் புழக்கத்தில் தேடுபவருக்கு மிச்சம் இருப்பதும் இங்கேதான் அதிகம்.

கையெழுத்து ரிசர்வ் வங்கி ஆளுநருடையது. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுவார், ஏனென்றால் அதை வெளியிடுவது இந்திய அரசு. அச்சிட்ட ஆண்டு பின்பக்கம் இருக்கும்: 2005க்குப் பிந்தைய பழைய வரிசையில் அடி ஓரத்தின் நடுவிலும், இப்போதைய வரிசையில் இடப்பக்கமும். ஆண்டே இல்லையென்றால் 2005க்கு முந்தைய காந்தி நோட்டு. 2014ல் இவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கியதால் நல்ல நிலையில் கிடைப்பது குறைந்துவிட்டது. கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

முதல் வருடத்துக்கு ஒரே மதிப்பை எடுத்துக்கொண்டு ஆளுநர் வரிசையை நிறைவு செய்வதுதான் நல்ல பயிற்சி. பத்து ரூபாய் காந்தி நோட்டை எடுத்தால் சி. ரங்கராஜன், பிமல் ஜலான், ஒய்.வி. ரெட்டி, சுப்பாராவ், ரகுராம் ராஜன், உர்ஜித் படேல், சக்திகாந்த தாஸ், சஞ்சய் மல்ஹோத்ரா. இதற்குள்ளேயே கிளைகள் உண்டு. ரூபாய்க் குறியீடு 2010ல் வந்ததால் சுப்பாராவ் கையெழுத்திலேயே குறியீடு இல்லாததும் இருப்பதும் இருக்கின்றன. உர்ஜித் படேல் பழைய ஆரஞ்சு பத்திலும் இருக்கிறார், 2018ல் வந்த கோனார்க் சக்கரம் போட்ட பழுப்புப் பத்திலும் இருக்கிறார். இருபது ரூபாயில் அப்படியில்லை: எல்லோரா படம் போட்ட புது இருபது 2019ல்தான் வந்தது, அப்போது தாஸ் ஆளுநர். அச்சளவில் சிறிதிலிருந்து பெரிதாக வளரும் இலக்கங்கள் 2015ல் தொடங்கின. ராஜன் கையெழுத்திட்ட நூறு ரூபாயில் இரண்டு விதமும் தேடலாம்.

அச்சுப் பிழை: எது அசல், எது கத்தரிக்கோல் வேலை

அதிக விலை பேசப்படுவதும் அதிகம் ஏமாற்றப்படுவதும் இதில்தான். அச்சாகும் வரிசை தெரிந்தால் பாதி ஏமாற்றைத் தவிர்க்கலாம். பெரிய தாளில் முதலில் இரண்டு பக்கமும் பின்னணி நிறங்கள் விழும். அப்புறம், நூறு, ஐநூறு போன்ற பெரிய நோட்டுகளில், தடவினால் மேடாகத் தெரியும் செதுக்கு அச்சு. பிறகு எண். கடைசியில் வெட்டு. பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்ததோ அதற்குப் பிந்தைய கட்டங்கள் அதையொட்டித்தான் இருக்கும். எண் அடிப்பதற்கு முன் தாளின் மூலை மடங்கியிருந்தால் எண்ணின் ஒரு பகுதி பின்பக்கத்தில் விழுந்திருக்கும். மடங்கியபடியே வெட்டுக்கும் போனால், விரித்துப் பார்க்கையில் மூலையில் கூடுதல் காகிதம் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும். இதை வண்ணத்துப்பூச்சி என்பார்கள். மடிப்புக் கோடும், அச்சு அறுபட்ட இடமும் ஒரே கோட்டில் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் அது வீட்டில் செய்த பிழை.

வெட்டு விலகிய நோட்டில் பக்கத்து நோட்டின் ஒரு கீற்று தெரியும். ஒரு பக்கம் ஓரம் இல்லை, பக்கத்து நோட்டும் தெரியவில்லை என்றால் ஸ்கேலை எடுங்கள். இப்போதைய பத்து 123க்கு 63 மி.மீ., இருபது 129க்கு 63, ஐம்பது 135க்கு 66, நூறு 142க்கு 66, இருநூறு 146க்கு 66, ஐநூறு 150க்கு 66. மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் யாரோ நறுக்கியது.

நிறம் விடுபட்டது என்று விற்பவை பெரும்பாலும் பிளீச்சிங் பவுடரிலோ அமிலத்திலோ முக்கி எடுத்தவை. மை போயிருக்கும், செதுக்கு அச்சின் மேடு விரலுக்குத் தட்டும். அந்த இடத்தில் மை இல்லாமல் மேடு மட்டும் இருக்க நியாயமில்லை. இருட்டறையில் யூ.வி. டார்ச் அடித்தால் அசல் நோட்டின் காகிதம் மங்கலாகவே இருக்கும். எண்ணும் பாதுகாப்பு இழையும் தூவினாற்போலச் சின்ன இழைகளும்தான் ஒளிரும். துணி சோப்பில் குளித்த நோட்டு முழுதும் நீல வெள்ளையாகப் பளபளக்கும். பாதுகாப்பு இழை இல்லாத நோட்டு என்றால் லென்ஸில் இழை வர வேண்டிய இடத்தின் மேல், கீழ் ஓரத்தைப் பாருங்கள்: உருவி எடுத்திருந்தால் காகிதம் இரண்டு ஏடாகப் பிளந்து நிற்கும்.

நோட்டின் நிலை

ஒரே எண், ஒரே கையெழுத்து. ஒன்று மடிக்காதது, மற்றது மூன்றாய் மடித்து வேட்டி மடிப்பில் வைத்தது. இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் வரும். சேகரிப்பாளர்கள் நிலையை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள்: மடிப்பே இல்லாதது யூ.என்.சி. எண்ணும்போது மூலை லேசாக வளைந்திருந்தால், அல்லது ஒரே ஒரு மெல்லிய மடிப்பு இருந்தால் ஏ.யூ. மூன்று லேசான மடிப்பு, இல்லையேல் ஒரு அழுத்தமான மடிப்பு வரை எக்ஸ்.எஃப். அதற்கும் கீழே தாள் மொடமொடப்பு மிச்சமிருந்தால் வி.எஃப். துணிபோல் தொய்ந்துவிட்டால், எண் அபூர்வமாக இல்லாதவரை எடுத்து வைக்க வேண்டியதில்லை. பழைய புதுநோட்டுகளில் இடது ஓரத்தில் பின் குத்திய துளை இருக்கும். கட்டைப் பின் போட்டுக் கொடுத்த காலத்தது. அதைப் பெரிய குறையாக யாரும் எடுப்பதில்லை.

மடிப்பை எடுக்க இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். சூட்டில் செதுக்கு அச்சின் மேடு தட்டையாகிவிடும், விரலால் தடவும் எவருக்கும் அது தெரிந்துவிடும். கழுவுவது, ரப்பரால் தேய்ப்பது, கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவது, லேமினேட் போடுவது எல்லாம் அதே கணக்குதான். லேமினேட் போட்ட நோட்டு சேகரிப்புக்கும் உதவாது, கடையிலும் வாங்க மாட்டார்கள். நோட்டின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். குங்குமம், எண்ணெய், வியர்வை பட்ட கையோடு தொட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த மழைக்காலத்தில் கைரேகை பழுப்பாகத் தெரியும்.

அடைமழையும் கரையானும்

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே உப்பு ஜாடியே தண்ணீர் விடும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் உப்புக் காற்று வேறு. வெளிச்சுவரை ஒட்டிய பீரோ, தரைத்தளத்து அலமாரியின் அடித்தட்டு, பரண் ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். உட்சுவரில், இடுப்பு உயரத்துக்கு மேல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்துங்கள், இறுக்கித் திணிக்காதீர்கள். மூடி இறுகப் பொருந்தும் டப்பாவுக்குள் ஆல்பத்தோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போடுங்கள். ஈரம் நிறைந்தால் நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மரப்பெட்டியும் செய்தித்தாளும் கரையானுக்கு அழைப்பிதழ் மாதிரி.

மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் வைத்திருந்து, தை பிறந்து வெயில் காய்ந்த ஒரு நாள் மதியம் நிழலில் திறந்து ஒவ்வொரு உறையாகப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. அந்த நோட்டைத் தனியே பிரித்து வையுங்கள், உறையைத் தூக்கிப் போடுங்கள். நோட்டை நேர்வெயிலில் காயவைக்காதீர்கள், மை வெளுக்கும்.

ஆல்பம் கையில் இருக்கும்போதே எழுதியும் வையுங்கள்: மதிப்பு, முன்னெழுத்து, எண், உள்ளெழுத்து, ஆளுநர், ஆண்டு, நிலை, கிடைத்த ஊர், தேதி. நோட்டின் மேலே பென்சிலால்கூட எழுத வேண்டாம்.

சட்டம்

2016 நவம்பர் 8ல் செல்லாததான பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை 2017ல் வந்த சட்டப்படி பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் 25 வரை. மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பின் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். தாத்தா பெட்டியில் கட்டாகக் கிடைத்தது என்ற பதில் எடுபடாது. 2000 ரூபாய் நோட்டு கதை வேறு: 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டாலும் செல்லாதது என்று அறிவிக்கப்படவில்லை.

கள்ளநோட்டைத் தெரிந்தே, நல்ல நோட்டாக மாற்றும் எண்ணத்தோடு வைத்திருப்பது குற்றம். மாதிரிக்காக என்றும் வைத்திருக்க வேண்டாம். வங்கியில் கொடுத்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது தருவார்கள், பணம் கிடைக்காது.

இந்த ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு நோட்டு: 1954ல் வந்த ஆயிரம் ரூபாய். அதன் பின்பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். 1978 ஜனவரி 16ல் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாததானபோது அதுவும் போனது. கடையில் கிடைக்காது. பழைய மிராசு வீடுகளில் யாராவது காட்டினால் நீங்கள் தொடாமல் அவரையே பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். நகல் அச்சும் நிறைய உலவுகிறது.

வாங்குவதும் விற்பதும்

இணையத்தில் போட்டிருக்கும் விலை, விற்பவர் ஆசைப்படும் விலை. ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த தொகையை மட்டும் கணக்கில் எடுங்கள், அதுவும் அதே நிலையில் உள்ள நோட்டுக்கு. உங்கள் பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன், வரி, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடந்ததால், அப்படிக் கட்டணம் எதையும் தாங்கள் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கி அறிவித்தது. நோட்டைப் படம் எடுத்துப் போடும்போது எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். உங்கள் படத்தையே வைத்து இன்னொருவர் விற்பனைக்குப் போடுவது சாதாரணமாக நடக்கிறது.

தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம். ஆறு மாதம் கைக்கு வருவதை மட்டும் பாருங்கள். எடுத்து வைத்ததைவிட நல்ல நிலையில் அதே வகை நோட்டு கிடைத்தால் ஆல்பத்தில் மாற்றி வையுங்கள், நோட்டுப் புத்தகத்தில் எண்ணையும் திருத்துங்கள். வெளியே வந்த பழையது இருபது ரூபாய் நோட்டு என்றால் அது இன்னும் இருபது ரூபாய்தான். அடுத்த டீக்கடையில் கொடுத்துவிடலாம்.